இரக்கத்துக்கும் ஒரு முறை வேண்டும்

'வாயில்லாப் பிராணி' என்று நம் தமிழில் ஒரு வழக்கு உண்டு. எண்ணிப் பார்த்தால் வாய் இல்லாத பிராணி எங்கும் இல்லை. நாய் குரைக்கிறது, பூனை கத்துகிறது, கழுத்தில் கயிறு இறுகிய மாடு அடிவயிற்றிலிருந்து ஓலமிடுகிறது. ஆயினும் தனக்கு நேர்ந்த தீங்கை இன்னாரிடம் சென்று முறையிடலாம் என்னும் வழி அவற்றுக்கு இல்லை. அதைக் கண்ட நம் முன்னோர், அவற்றின் வாயை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு இந்தச் சொல்லை வழங்கினார்கள் போலும். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு அமானிதம் என்று பெயர். அமானிதத்தைப் பேணுவது எப்படி என்பது நம் சமுதாயத்துக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமன்று.

ஆனால் நெஞ்சில் தோன்றும் இரக்கம், 'ஐயோ பாவம்' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுமானால் அதனால் எந்தப் பிராணிக்கும் பயன் விளைவதில்லை. இரக்கத்துக்கும் ஒரு முறை வேண்டும். யார், எந்த நாளில், எந்த வேலையைச் செய்வது என்று பகிர்ந்துகொள்ளும் முறை அது. விலங்கு நலச் சங்கங்கள் செய்வதெல்லாம் இரக்கத்தை அப்படியொரு முறைக்குள் கொண்டுவருவதைத்தான். அச்சங்கங்களோடு நம் குடும்பங்கள் எவ்வாறு கைகோக்கலாம் என்பதை, நம் ஊரில் கண்டதைக் கொண்டும் பெரியோர்களிடம் கேட்டறிந்ததைக் கொண்டும் இங்கே எழுத முற்படுகிறோம்.

நாம் வசிப்பது முத்தாண்டிக்குப்பம். முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி. பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கமும் நகரியமும் இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய நாள் முதல் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் அந்நகரியத்துக்கு வந்து, பணியாற்றி, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வு பெற்றுத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாளில் லாரியில் பீரோ ஏறும், கட்டில் ஏறும், துளசி மாடத்துத் தொட்டிகூட ஏறும். சில வீடுகளில் நாய் மட்டும் ஏறுவதில்லை. பூட்டிய கதவின் முன் இரண்டு மூன்று நாட்கள் படுத்துக் கிடந்துவிட்டு, பின்னர் அது தெருவுக்கு வந்துவிடும். தெருவில் பிறந்த நாய்க்குத் தெரிந்த பிழைப்பு, வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரியாது. நகரியத்தில் மட்டுமன்றிச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இப்படிக் கைவிடப்பட்ட உயிர்களை நாம் கண்டிருக்கிறோம்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கரையைக் கடந்தபோது இப்பகுதியின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததை மறந்தவர் இங்கே எவரும் இல்லை. மனிதர்கள் மரத்தைக் கணக்கிட்டார்கள். மடிந்த ஆடு மாடுகளைக் கணக்கிட்டார்கள். கணக்கில் வராத உயிர்கள் நாயும் பூனையும்தான். அவற்றுக்கு உடைமையாளர் இல்லை. ஆகவே இழப்பு என்று எழுதிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒரு சிறுவனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் ஆழமாகப் பதிந்திருந்தது. அன்று மாலையே தேநீர்க் கடை வாசலில் ஊரார் கூடினார்கள். கோழிக் குடலில் மருந்து வைத்துவிட்டால் ஒரே இரவில் தொல்லை தீரும் என்று ஒருவர் சொல்ல, பலரும் தலையசைத்தார்கள். நாம் வேண்டாம் என்றோம். பையனின் தாயார் நம்மைப் பார்த்து, "பாய், உங்க வீட்டுப் புள்ளையக் கடிச்சிருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு வாயால் விடை சொல்வது எளிதன்று. அந்த அம்மையார் விடை கேட்கும் நிலையிலும் இல்லை. ஆகவே நாம் விவாதம் செய்யவில்லை. காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால்மணி நேரம் கழுவச் செய்து, அரசு மருத்துவமனைக்கு உடன் சென்றோம். அடுத்தடுத்த ஊசிக்குரிய நாட்களிலும் உடன் சென்றோம். அந்தப் போக்குவரத்தின்போது நடந்த பேச்சில்தான், நஞ்சு வைப்பதால் தன் மகனுக்கு எந்தக் காப்பும் கிடைக்காது என்பதை அந்தத் தாயார் ஒத்துக்கொண்டார்.

அது எப்படி என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு தெருவின் நாய்களைக் கொன்றுவிட்டால் அங்குள்ள குப்பையும் எச்சிலும் அப்படியே இருக்கின்றன. அந்த இரையை நாடி அயல் தெரு நாய்கள் வந்து இடம் பிடிக்கின்றன. வந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. ஒரு பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாட்கள் சுமந்து ஈனுகிறது. ஆண்டுக்கு இரு முறை ஈனக்கூடும். எனவே கொன்று குறைத்த எண்ணிக்கை வெகு விரைவில் நிரம்பிவிடுகிறது. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடப்பட்ட நாயோ தன் எல்லைக்குள் அயல் நாயை விடுவதில்லை; அதன் கூட்டமும் பெருகுவதில்லை.

இந்த உண்மையை நாட்டுக்கு எடுத்துக் காட்டியதில் நம் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1959-ஆம் ஆண்டு சென்னையில், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் சுந்தரம் என்பவர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று காப்பாற்றினார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர். அந்த ஒரு வீட்டிலிருந்து வளர்ந்ததே 'புளூ கிராஸ்' சங்கம். 1964-இல் அது முறையாகப் பதிவு பெற்றது. தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டத்தையும் அவ்வாண்டே தொடங்கியது. சென்னை மாநகராட்சி நாய்களைக் கொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு அம்முறையை ஏற்றது 1996-இல்தான். இடையே கழிந்தவை 32 ஆண்டுகள். 2001-இல் மத்திய அரசு அதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது; 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் தொடங்கிய செயல் நாட்டின் விதியாவதற்கு இத்தனை காலம் பிடித்தது என்பதை, ஒரு மாதம் உழைத்துவிட்டுப் பலன் இல்லையே என்று சோர்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கதையும் இத்தகையதே. நடனக் கலைஞராக உலகம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக 1960-இல் அச்சட்டம் பிறந்தது. அதன்படி 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சென்னையில் பல்லாண்டுகள் இயங்கிய அவ்வாரியத்தின் தலைமையகம் 2018-இல் அரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அந்தத் தொகையைக் கேட்டுச் சிரிப்பவர்கள், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-ஆம் பிரிவையும் அறிந்துகொள்ள வேண்டும். பிராணியை நஞ்சிட்டோ வேறு வகையிலோ கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் அது ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. தேநீர்க் கடை வாசலில் தலையசைத்தவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இனி, நம் வீடுகளில் எழும் தயக்கத்துக்கு வருவோம். 'விலங்கு நலம் என்றால் நாய்தானே? நாய் நஜீஸ் ஆயிற்றே, நாம் அதில் எப்படிச் சேருவது?' என்று நம்மிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர், நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை கழுவுவர். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவுவர். ஹனஃபி மத்ஹபில் அதன் உமிழ்நீர் அசுத்தம் என்று கொள்ளப்படுகிறது. மாலிக்கீ மத்ஹபின் கருத்து இவற்றைவிட இளக்கமானது. இவையெல்லாம் உலமாக்கள் தெளிவாக எழுதி வைத்தவை. இதில் நாம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். கழுவும் முறையைக் கற்றுத் தந்த மார்க்கம், துன்புறும் பிராணிக்குக் கை நீட்டாதே என்று தடுக்கவில்லை. தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் தோல் காலுறையிலேயே நீர் மொண்டு வந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதென்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் முடிவையும் கேட்டு வருகிறோம். இரண்டு செய்திகளையும் மிம்பரில் கேட்கும்போது கண் கலங்கும் நாம், வீட்டு வாசலில் நிற்கும் நாயைக் கல்லெடுத்து விரட்டுவது பொருந்துமா?

தொட மனம் ஒப்பாதவர்கள் தொட வேண்டியதில்லை. இது முக்கியமாகச் சொல்ல வேண்டிய செய்தி. சென்னையில் ஒரு காப்பகத்தை நாம் பார்க்கச் சென்றபோது, அங்கே நடக்கும் வேலைகளை எண்ணிப் பார்த்தோம். பிராணியின் மேல் கைபடும் வேலை பாதிக்கும் குறைவே. தொலைபேசியில் வரும் முறையீடுகளைக் கேட்டு, இடத்தையும் அடையாளத்தையும் குறித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மருந்துக் கணக்கு எழுத ஒருவர் வேண்டும். சோறு வடிக்க, பாத்திரம் துலக்க, கூண்டின் தாழ்ப்பாளைப் பழுது பார்க்க, கூரை ஓட்டை அடைக்க, மின்விசிறிக்குக் கம்பி இழுக்க ஆட்கள் வேண்டும். பழைய செய்தித்தாளும் போர்வையும் துண்டும் விரிப்புக்கு வேண்டும். சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் நாற்பதாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழில் வல்லுநர்கள் நம் பகுதியில் எத்தனை பேர்! அவர்களுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஒரு காப்பகத்துக்குப் பல ஆயிரம் ரூபாய்க்குச் சமம்.

நம் ஊரில் செய்ததைச் சொல்கிறோம். பெரிய சங்கம் எதையும் நாம் தொடங்கவில்லை. எட்டுப் பேர் கூடி, அரசு கால்நடை மருந்தகத்தை அணுகி, நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஒரு நாள் கேட்டு வாங்கினோம். அதற்கு முன் இரண்டு வாரம் தெருத் தெருவாக நடந்து நாய்களை எண்ணி, நிறமும் அடையாளமும் ஒரு நோட்டில் எழுதினோம். அந்த நோட்டை எழுதியவர் நாயைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கும் ஒரு பெரியவர். மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுவர ஐஸ் பெட்டி தந்தவர் மீன் வியாபாரி. பிடிக்கத் தெரிந்தவர்களை அழைத்து வரக் 'குட்டியானை' வண்டியை இரவல் தந்தவர் பலாப்பழ வியாபாரி. வந்தவர்களுக்கு நம் வீட்டார் சோறாக்கிப் போட்டார்கள். கடிபட்ட பையனின் தாயார், தன் தெருவின் நாய்கள் எந்த நேரத்தில் எந்தத் திண்ணையடியில் படுக்கும் என்று காட்டிக் கொடுத்தார். ஊசி போட்ட நாய்களின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டப்பட்டது. மாலையில் அந்த நாடாவைப் பார்த்த பிறகே பல வீடுகளில் பிள்ளைகளைத் தெருவில் விளையாட விட்டார்கள்.

'பசித்திருக்கும் அநாதைப் பிள்ளைகள் இருக்க, நாய்க்கு ஏன் இந்தப் பாடு?' என்ற கேள்விக்கு அன்று மாலை நம் தெருவிலேயே விடை கிடைத்தது. வெறிநோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் மாள்கிறார்கள் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் நம் நாட்டவர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மாள்பவர்களில் பெரும் பகுதி ஏழைகள். அவர்களுள்ளும் குழந்தைகள் மிகுதி. நோய்க் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் விடாமல் தொடர்ந்தால் நோய் பரவும் சங்கிலி அறுகிறது. கோவா மாநிலத்தில் 2013-இல் 'மிஷன் ரேபீஸ்' என்னும் தொண்டு அமைப்பு அரசோடு சேர்ந்து இவ்வேலையைத் தொடங்கியது. தொண்டர்கள் வீதி வீதியாகச் சென்று வலை வீசிப் பிடித்து ஊசி போட்டார்கள். பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 2017-க்குப் பின் சில ஆண்டுகள் அங்கே இந்நோயால் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. 2021-இல் கோவா, வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாய்க்குப் போட்ட ஊசி, பிள்ளைக்கு அரணாயிற்று.

கடி பட்டவர் செய்ய வேண்டியதையும் இங்கேயே குறித்துவிடுகிறோம். காயத்தில் மிளகாய்த் தூளோ சுண்ணாம்போ வைக்கலாகாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிமார் அஞ்சிய காலம் மலையேறிவிட்டது. ஆட்டு மூளையிலிருந்து மருந்து செய்த அந்தப் பழைய முறை நம் நாட்டில் 2004-இன் இறுதியோடு நின்றது. இன்று தோலுக்குள் போடும் ஊசிக்குரிய நாட்கள் 0, 3, 7, 28 ஆகியவை, இடையில் நிறுத்தலாகாது. காயம் ஆழமாயின் மருத்துவர் வேறொரு மருந்தையும் காயத்திலேயே செலுத்துவார். பிராணிகளோடு நெருங்கித் தொண்டாற்றப் புகுவோர், கடி படுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது முறை.

இனிக் குடும்பங்கள் செய்யத்தக்க உதவிகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

முதலாவது, தற்காலிக வளர்ப்பு. தாயை இழந்த குட்டிகளுக்குச் சில வாரங்கள் வீட்டில் இடம் கொடுத்துப் பால் புகட்டித் தேற்றி, வளர்ப்போர் கிடைத்ததும் ஒப்படைப்பது இது. நாய்க்கு இடமில்லாத வீட்டில் பூனைக் குட்டிக்கு இடமுண்டு. பூனை நம்மைச் சுற்றி வரும் பிராணி, அசுத்தமன்று என்பதே நபிமொழியின் தீர்ப்பு. பூனைக் குட்டியைத் தம்முடன் வைத்திருந்த காரணத்தாலேயே ஒரு நபித்தோழர் அபூஹுரைரா என்னும் பெயரால் உலகம் உள்ளளவும் அழைக்கப்படுகிறார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பசும்பால் பிறந்த குட்டிக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும், கால்நடை மருத்துவரைக் கேட்டு அதற்குரிய பால்மாவை வாங்குங்கள்.

இரண்டாவது, தத்தெடுப்பு. விலை கொடுத்து உயர்சாதி நாயை வாங்குவோர், முந்திரித் தோப்புக் காவலுக்குக் காப்பகத்து நாட்டு நாயைக் கேட்டுப் பார்க்கட்டும். பயிரையும் கால்நடையையும் காக்க நாய் வைத்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் பதினைந்தாண்டு ஆயுளுள்ள ஓர் உயிருக்குப் பொறுப்பேற்கிறோம் என்ற எண்ணத்தோடு ஏற்க வேண்டும். மாற்றல் உத்தரவு வந்தால், மகன் வெளிநாடு அழைத்தால், அதற்கு என்ன ஏற்பாடு என்று எடுக்கும் நாளிலேயே குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். லாரியில் அதற்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது, பொருளுதவி. ஜகாத்தைப் பெறுதற்குரிய எட்டுப் பிரிவினரைக் குர்ஆன் வகுத்துள்ளது; ஆகவே இதற்கு ஸதக்காவிலிருந்து கொடுப்பதே முறை. ஆண்டுக்கு ஒரு முறை ஐயாயிரம் கொடுப்பதைவிட மாதந்தோறும் நானூறு கொடுப்பது காப்பகத்துக்கு மிகுந்த பயன் தரும். பிராணிகள் ஒவ்வொரு நாளும் உண்கின்றன. நன்கொடையோ பண்டிகை நாளில் மட்டும் வந்து குவிகிறது. கொடுக்குமுன், சங்கம் பதிவு பெற்றதா, தணிக்கை செய்த கணக்கைக் காட்டுகிறதா என்று கேளுங்கள். கேட்பது ஐயப்படுவதாகாது. நேரில் சென்றால் சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பதோடு நில்லாமல் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். அது தூய்மையாக இருந்தால் மற்றதும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

நான்காவது, நம் தெருவுக்கான பணி. அக்கினி நட்சத்திரக் காலத்தில் வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டியும், மாடிச் சுவரில் பறவைகளுக்கு ஒரு மண் சட்டியும் வைக்கலாம். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். இன்றேல் கொசு வளரும். தெரு நாய்களுக்குச் சோறிடுவோர் பள்ளிக்கூட வாசலிலும் பள்ளிவாசல் படியிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் இடலாகாது. ஆள் நடமாட்டம் குறைந்த ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, குறித்த வேளையில் இட்டு, மிச்சத்தைக் கூட்டி அள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டு விதிகளும் இதையே சொல்கின்றன. சோறிட்டவர் அந்த நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் கிடைக்கச் செய்யும் பொறுப்பையும் ஏற்றால்தான் அந்தத் தர்மம் நிறைவடையும்.

ஐந்தாவது, அதிகாரிகளிடம் எடுத்துரைப்பது. மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் அமைய வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஊராட்சியிலும் ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுத்து, கருத்தடை முகாம் எப்போது, இறைச்சிக் கழிவை அகற்றுவது யார் என்று மரியாதையோடு கேட்பது குடிமக்களின் உரிமை. நன்றாக எழுதத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி செய்யக்கூடிய தொண்டு இது.

செய்யத் தகாதவையும் உண்டு. இரவில் காப்பகத்து வாசலில் குட்டிகளைக் கட்டிப் போட்டுவிட்டு ஓடுவது உதவியாகாது. ஏற்கெனவே நிரம்பிய இடத்தில் நோயையும் சேர்த்துக் கொண்டு வந்து வைப்பதாகும். முன்னறிவிப்பின்றிப் பிள்ளைகளோடு சென்று கூண்டுக்குள் கைவிட்டு விளையாடுவதும் கூடாது. வருவதாகச் சொன்ன நாளில் வராதிருப்பது எல்லாவற்றிலும் பெரிய குறை. அன்று அந்தத் தொண்டரை நம்பி ஒரு வரிசைக் கூண்டுகள் கழுவப்படாமல் கிடக்கும்.

நம் சமுதாயத்தார் விலங்கு நலம் பேசலாமா, குர்பானி கொடுப்பவர்களாயிற்றே என்று கேட்போர் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, குர்பானிக்கு வந்த ஆட்டை நாம் நடத்தும் முறையால் விடை சொல்வது சிறப்பு. பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டுவதையும், ஒன்றின் முன் மற்றொன்றை அறுப்பதையும் நம் மார்க்கம் வெறுத்து ஒதுக்கியிருக்கிறது. ஆனால் பெருநாளுக்கு முன் சந்தையிலிருந்து வரும் வண்டியில் கால் மாற்றி வைக்கவும் இடமின்றி ஆடுகள் நெருக்கப்படுவதை நாம் காண்கிறோம். விலங்குகளை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கென 1978 முதலே விதிகள் உள்ளன. ஒவ்வொரு ஜமாஅத்திலும் நான்கு இளைஞர்கள், வந்து இறங்கும் ஆடுகளுக்கு நிழலும் நீரும் தீவனமும் கிடைக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை ஏற்றால், அதுவே நம் வாசலில் நடக்கும் விலங்கு நலப் பணி.

முஸ்லிம் உலகில் இதற்கு முன்மாதிரிகள் குறைவில்லை. இஸ்தான்புல் நகரில் 1760-இல் கட்டி முடிக்கப்பட்ட அயஸ்மா பள்ளிவாசலின் சுவரில் பறவைகளுக்கென்று கல்லால் செதுக்கிய சிறு வீடுகளை இன்றும் காணலாம். கட்டடம் கட்டும்போதே சிட்டுக்குருவிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதே நகரில்தான் 1910-இல் ஆட்சியாளர்கள் தெரு நாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, நீரும் நிழலும் இல்லாத ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. அவற்றின் ஓலம் கடல் கடந்து கேட்டதாக இன்றும் அந்நகரத்தார் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாண்டு கழித்து 1912-இல் அங்கே விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. நாகூர் தர்காவின் மனோராக்களில் அடையும் புறாக்களுக்குத் தானியம் இறைத்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே ஊர் மக்கள் குருவிக்கு வீடும் கட்டுவார்கள், நாய்களைத் தீவிலும் தள்ளுவார்கள். மனிதர் இரக்கம் இல்லாதவர்களாகிவிடுவதால் இப்படி நேர்வதில்லை. இரக்கத்தை நாள்தோறும் நடத்திச் செல்லும் முறை தளர்ந்த காலத்தில் அச்சம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அம்முறைக்கு எடுத்துக்காட்டாக நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நெய்வேலிக்கு அடுத்த வடலூரில், எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் வேண்டும் என்று போதித்த இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. அந்த நெறி வேறு, நம் நெறி வேறு. ஆயினும் அயலார் வீட்டிலிருந்தும் நல்லதைக் கற்றுக்கொள்வது அறிவுடையோர் வழக்கம். அந்த அடுப்பை இத்தனை ஆண்டுகளாகக் காத்து நிற்பது பெருஞ்செல்வர் ஒருவரின் கொடை அன்று. இன்று விறகு வைக்க வேண்டியவர் யார் என்பது இன்று காலையே தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம் தெருவில் எட்டுப் பேராகத் தொடங்கியவர்கள் இப்போது ஐந்து பேராக இருக்கிறோம். ஒருவர் ஊர் மாறினார்; ஒருவருக்கு முழங்கால் வலி; மற்றொருவர் சொல்லாமலே நின்றுவிட்டார். ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும் என்பதால் வேலை மட்டும் குறையவில்லை. நோட்டில் பல பக்கங்கள் இன்னும் எழுதப்படாமல் இருக்கின்றன. இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்கள் இன்றிரவு உணவுக்குப்பின் ஐந்து நிமிடம் கூடிப் பேசட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம், எந்தக் கிழமை, யாருடைய பங்கு எது என்று மூன்று வரியில் எழுதி அடுப்படிக் காலண்டரில் ஒட்டட்டும். அருகில் காப்பகம் இருந்தால் அங்கே செல்லுங்கள். இல்லாவிட்டால் கால்நடை மருந்தகத்தின் கதவைத் தட்டுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வாயைக் கொண்டு, ஒப்படைத்தவற்றுக்காக ஒரு சொல் பேசவும் ஒரு வேலை செய்யவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக!